மார்கழி மண்டபத்தில் அம்மாவின் முறை

மார்கழியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு மண்டபத்தின் சாவி மட்டும், அந்த மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக, பெண்கள் தையல் குழு ஒன்றின் கைக்கு வந்துசேரும். துண்டுத்துணிகளை ஒட்டித் தாங்கள் தைத்த போர்வைகளை அவர்கள் அன்று அங்கே கயிறு கட்டித் தொங்கவிட்டு, வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். ஓசூரிலிருந்து காரில் வருகிறவர்கள் அதைக் குயில்ட் என்பார்கள். குழுவில் கன்னடம் பேசும் அக்கா ஒருவர் கவுதி என்பார். மற்றவர்களுக்கு அது ஒட்டுப்போர்வை.

என் அம்மா அந்தக் குழுவின் உறுப்பினர். நான் பள்ளியில் படித்த காலம் முதல் ஆண்டு தவறாமல் அவரோடு போய்வருகிறேன். இப்போது தமிழ் இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன், விடுதியில் இருக்கிறேன். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மொரப்பூருக்கு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுவேன். எனக்குத் தைக்க வராது. பார்க்க வரும். அதிகம் பேசாதவர்களுக்கு அந்த மண்டபம் மிகவும் ஏற்ற இடம். ஒரு போர்வையின் முன்னால் எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் நின்றாலும், அங்கே யாரும் உடம்புக்கு என்னவென்று கேட்பதில்லை.

உறுப்பினர்கள் எல்லாரும் தையல்காரர்கள். சிலர் ஜாக்கெட் தைப்பவர்கள். சிலர் சீருடை தைப்பவர்கள். ஓரிருவர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். வெட்டும்போது மேசைக்கடியில் விழும் துணிதான் அவர்களுடைய பொருள். ஜாக்கெட்டுக்குக் கைக்குழி வெட்டும்போது பிறை வடிவில் ஒரு துண்டு விழும். எதற்கும் ஆகாத துண்டு அது. ஓராண்டு ஒரு பெண் அந்தப் பிறைகளை மட்டுமே சேர்த்து, ஒன்றைக்கூட நேராக்காமல், ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றின் முதுகைப் பொருத்தி ஒரு முழுப் போர்வை தைத்திருந்தார். இன்னோராண்டு ஒரு போர்வை முழுவதும் பழைய குடைத்துணி. கறுப்பைத் தவிர வேறு நிறமில்லை. ஆனால் வெயில்பட்டு வெளுத்த கறுப்பு, மழைபட்டு வெளுத்த கறுப்பு, விரிக்காமலே பழசான கறுப்பு என்று அதற்குள் இத்தனை வகை இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கன்னடக்கார அக்கா பள்ளிச் சட்டைகளின் பைகளை அறுக்காமல் பையாகவே வைத்துத் தைப்பார். கண்காட்சி நடக்கும் நாள் முழுவதும் அவருடைய கைப்பேசியும் வெற்றிலையும் தொங்கும் போர்வையின் பைகளில்தான் இருக்கும். யாராவது கூப்பிட்டால் போர்வை சிணுங்கும்.

குழுவுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. அவற்றைச் சொன்னால்தான் அம்மாவுக்கு நேர்ந்தது புரியும்.

முதலாவது, போர்வையின் பின்பக்கம். முன்பக்கம் ஆயிரம் துண்டானாலும் பின்பக்கத்துக்கு ஒரே துணி வேண்டும்; துண்டுகளை அதன்மேல் வைத்துத்தான் தைப்பார்கள். அதற்கு எல்லாரும் பயன்படுத்துவது பொங்கலுக்கு ரேஷன் கடையில் கிடைக்கும் சேலை. எங்கள் பக்கத்துக்கு ஓராண்டு எந்த நிறம் வருகிறதோ, அந்த ஆண்டுப் போர்வைகளின் முதுகெல்லாம் அந்த நிறம். பச்சை வந்த ஆண்டு, மாம்பழ மஞ்சள் வந்த ஆண்டு என்று பின்பக்கத்தைப் பார்த்தே ஒரு போர்வையின் வயதைச் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது, கண்காட்சி நாள் வரை போர்வையின் முகத்தை யாருக்கும் காட்டுவதில்லை. குழுவுக்குள்ளும் காட்டுவதில்லை. முகம் உள்ளே போகும்படி மடித்து, முதுகு வெளியே தெரியக் கட்டித்தான் கொண்டுவருவார்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மணமேடையில் ஆண்டுக்கு ஒரே ஒரு போர்வைதான் தொங்கும். அது போட்டியில் வெல்வதில்லை; திருவிழாவில் மண்டகப்படி வருவதுபோல முறையாக வருவது. குழுவில் சேர்ந்த வரிசைப்படி ஒவ்வோராண்டும் ஒருவருக்கு மேடை. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கை கழுவும் தொட்டிகளை ஒட்டிய சுவர்.

போன ஆண்டு மேடை அம்மாவுடையது. என் பள்ளிப்படிப்பும் பட்டப்படிப்பும் முடிந்த காலம் முழுவதும் அவர் அந்த முறைக்காகக் காத்திருந்தார்.

அம்மா சீருடை தைப்பவர். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு நீலக் கட்டம், பழுப்புக் கட்டம், பச்சைக் கட்டம் என்று வெவ்வேறு துணி. சீருடை வேலை ஓய்ந்த ஆவணியில் அவர் அந்தப் போர்வையைத் தொடங்கினார். எல்லாமே கட்டம் போட்ட துண்டுகள். எந்தப் பள்ளியின் கட்டமும் இன்னொரு பள்ளியின் கட்டத்தோடு அளவில் ஒத்துப்போகாது. அவர் செய்ய நினைத்ததோ, ஒரு துண்டின் கோடு அடுத்த துண்டின் கோட்டில் போய்ச் சேர வேண்டும், அது அடுத்ததில், இப்படி ஒரு கோடு போர்வையின் இந்த ஓரத்தில் கிளம்பினால் எங்கும் நிற்காமல் அந்த ஓரத்தில் போய் இறங்க வேண்டும் என்பது. ஒரு நூல் அளவு விலகினால் பிரித்துவிடுவார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். போன முறை பார்த்ததைவிடச் சில சமயம் சிறிதாகியிருக்கும்.

"ஏம்மா, இவ்ளோ தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு அது தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோடு கோட்டோட சேரலைன்னா அது போர்வை இல்ல, மூட்டை கட்டற துணி. நீ போயி படி" என்றார்.

அந்தப் போர்வையின் முகத்தைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: அம்மாவும் நானும்.

கண்காட்சிக்கு முந்தின நாள், மூட்டைகள் எல்லாம் குழுத் தலைவியின் தையல் கடைக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரு சரக்கு ஆட்டோவில் மண்டபத்துக்குப் போகும். தலைவி எதையும் உரக்கச் சொல்லும் மனிதர். அம்மாவின் மூட்டையை ஆட்டோவில் அடுக்கின் உச்சியில் வைத்துவிட்டு, "மேல இருக்கறதுதான் மேடைக்கு. மத்ததெல்லாம் வரிசையா எடுத்துக் கட்டிக்கிட்டே போ" என்று மண்டபத்தில் ஏணி ஏறிக் கட்டுகிறவரிடம் போனில் சொன்னாராம். சொன்னது சரி. கட்டினவரும் சரியாகத்தான் கேட்டுக்கொண்டார். இடையில் ஆட்டோவிலிருந்து மூட்டைகள் இறங்கின. இறக்கும்போது மேலிருப்பது முதலில் தரைக்கு வரும். அடியில் இருந்தது கடைசியாக உச்சிக்குப் போகும். அந்த ஆண்டுச் சேலை கத்தரிப்பூ நிறம். அத்தனை மூட்டையும் கத்தரிப்பூ. எது எதுவென்று யாரால் சொல்ல முடியும்?

இதெல்லாம் பிறகு தெரிந்தது. காலையில் நாங்கள் மொரப்பூரிலிருந்து தருமபுரி வந்து பேருந்து மாறி மண்டபத்தை அடைந்தபோது எங்களுக்கு எதுவும் தெரியாது. அம்மா பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். "கல்யாணமா அத்தே?" என்று பேருந்தில் கேட்ட ஒரு பெண்ணிடம் "ஆமா" என்று சொல்லியிருந்தார்.

வாசலிலேயே தலைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! உள்ளுக்குள்ள இத்தனை வெச்சிருந்தியா? கோடு கோடுன்னு சீருடை தெச்சவளா இப்டி தெச்சிருக்கா? காலையில வந்தவங்க ஒருத்தரும் மேடையத் தாண்டிப் போவல."

அம்மா சிரித்தார். பிறகு உள்ளே போய் மேடையைப் பார்த்தார்.

அங்கே தொங்கியது எங்களுடையது அல்ல.

இன்றும் அந்தப் போர்வையை என்னால் துண்டு துண்டாகச் சொல்ல முடியும். அதில் ஒரு நேர்க்கோடு கிடையாது. மஞ்சள், மிளகாய்ச் சிவப்பு, மயில்நீலம் என்று ஜாக்கெட் துணிகள், கத்தரிக்கோலிலிருந்து விழுந்த அதே வடிவத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. நான்கு ஓரங்களிலிருந்தும் தையல் உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நடுவில் மிஞ்சிய உள்ளங்கை அளவு இடத்தில் ஒரு கறுப்புத் துண்டு வைக்கப்பட்டிருந்தது. குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டைப் போல. தலைவி சொன்னது உபசாரமல்ல. யாராக இருந்தாலும் அதைத் தாண்டிப் போவது கடினம்.

அம்மாவின் முகம் மாறவில்லை. என் பக்கம் திரும்பாமல், உதடு மட்டும் அசைய, "நம்மளுது எங்க?" என்றார்.

நான் தேடிப் போனேன். தூண்களுக்கு இடையில் இல்லை. ஜன்னலோரம் இல்லை. பந்திக்கூடத்துக்குப் போகும் வழியில், கை கழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்துச் சுவரில், அடுக்கின் கடைசி மூட்டையாக அது தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் வந்தவர்களுக்குப் பொங்கலும் வடையும் கொடுத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெரியவர் கையைக் கழுவிவிட்டு, ஈரக்கையைத் துடைக்கப் போர்வையின் ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெரியவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "துண்டுன்னு நெனச்சேம்மா" என்றார். கீழ்மூலையில் ஒரு பச்சைக் கட்டத்தின்மேல், நெய் ஊறின விரல் ஒன்றின் தடம் ஏற்கெனவே பதிந்திருந்தது. அவருடையதா வேறொருவருடையதா என்று நான் விசாரிக்கவில்லை. அங்கேயே காவல் நிற்கலாமா, அம்மாவிடம் போய்ச் சொல்வதா என்று தெரியாமல் சற்று நின்றேன். பிறகு பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டைப் போர்வைக்கு முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன்.

அதற்குள் அம்மாவைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருந்தது. ஓசூரில் துணிக்கடை வைத்திருப்பதாகச் சொன்ன ஓர் அம்மாள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண்கள் சிலர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, கொஞ்சம் போர்வை பக்கத்துல நில்லுங்க" என்று கெஞ்சினார்கள். அம்மா நிற்கவில்லை. படம் எடுக்கும் எல்லைக்குள் வராமல் ஓரடி ஓரடியாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தார். வெட்கம் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள்.

"கை கழுவற எடத்துல. அதுல கை தொடைக்கறாங்க" என்று காதில் சொன்னேன். அம்மா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"அந்தக் கறுப்பை நடுவுல வெக்கணும்னு எப்படிங்க தோணுச்சு?" என்று கேட்டார் ஓசூர் அம்மாள். "அது இல்லைன்னா இதுல கண்ணு எங்க நிக்கறதுன்னே தெரியாது. நீங்க பெரிய ஆளுங்க."

அந்த நொடியில் எனக்கு உண்மையாகவே அச்சமாக இருந்தது. அந்தப் பாராட்டு அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேடை அவருடையது, முறை அவருடையது, தொங்குவது யாருடையதென்று அவரையும் என்னையும் தவிர அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு புன்னகையோடு தலையசைத்தால் போதும்.

"எனக்குத் தோணலைங்க" என்றார் அம்மா. "இது என்னுது இல்ல."

சுற்றியிருந்தவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் சிரித்தார்கள். தலைவி மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தூணின் பின்பக்கம் அழைத்துப் போனார். நானும் போனேன்.

"என்ன சொல்ற நீ?"

"மாத்திக் கட்டிட்டாங்க. என்னுது தண்ணித் தொட்டிகிட்ட கெடக்குது."

தலைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ ஒண்ணும் பேசாத. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கூட்டம் பந்திக்குப் போவும், அப்ப கமுக்கமா மாத்திடறேன். அதுவரைக்கும் யார் என்ன சொன்னா என்ன? உன் முறைதானே? நாலு பேரு பாராட்டிட்டுப் போறாங்க, வாங்கிக்கயேன்."

"அடுத்தவ பெத்த புள்ளையத் தூக்கி என் இடுப்புல வெச்சிட்டு, கொஞ்சறவங்க கொஞ்சட்டும், நீ வாங்கிக்கன்னு சொல்றீங்களா?" என்றார் அம்மா. "எனக்கே ஒண்ணு இருக்குதுங்கக்கா. ஈரக்கையத் தொடச்சிட்டுக் கெடக்குது."

கன்னடக்கார அக்கா இதையெல்லாம் தன் போர்வைப் பையிலிருந்து வெற்றிலை எடுக்கும் சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். "நோடம்மா, நோடு! இவளைப் பாரு, இவ்ளோ வருஷமா முறை முறைன்னு எங்க காதைத் தின்னா. வந்ததும் வேண்டாம்னு சொல்றா."

"வேண்டாம்னு யாரு சொன்னா? என் முறை எனக்கு வேணும். என் போர்வையோட வேணும்."

சொல்லிவிட்டு அம்மா மேடைப்படி ஏறினார். கல்யாணங்களில் மொய் வைத்தவர்கள் பேரை வாசிக்கும் மைக் ஓர் ஓரத்தில் இருந்தது. அதை வரவேற்புரைக்காகக் காலையிலேயே இணைத்து வைத்திருந்தார்கள். என் அம்மா அதற்கு முன் மைக்கைத் தொட்டதில்லை என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அதை அவர் அகப்பையைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தப் போர்வை நான் தெச்சது இல்லீங்க. தெச்சவங்க யாருன்னு தெரியல. இங்கதான் இருப்பாங்க. இருந்தா கொஞ்சம் எந்திரிங்க. நீங்க வாங்க வேண்டியதெல்லாம் நான் வாங்கிக்கிட்டு நிக்கறேன்."

கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண், வகுப்பில் விடை தெரிந்தவர்போலக் கையைத் தூக்கினார். வத்தல்மலையிலிருந்து அந்த ஆண்டுதான் குழுவில் சேர்ந்தவர். அம்மாவைவிடச் சற்று இளையவர். மலைப் பேருந்தில் யாரிடமோ கொடுத்தனுப்பிய அவருடைய மூட்டைதான் தலைவியின் கடைக்கு முதலில் வந்தது. அதனால் ஆட்டோவிலும் முதலில் ஏறி அடுக்கின் அடியில் இருந்தது. அதனால் உச்சிக்குப் போனது.

"எங்களுதுங்க" என்றார்.

"ஏம்மா, அப்பவே சொல்றதுக்கு என்ன?" என்று தலைவி கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"சொல்ல என்னங்க இருக்குது? மொத தரம் வர்றவங்களுத மேல கட்டுவாங்க போலன்னு நெனச்சேன். எங்க ஊர்ல புதுசா வூட்டுக்கு வர்றவங்களத்தான் நல்ல எடத்துல உக்கார வெப்போம்."

அவருடைய சொல்லில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் சங்கடம். எங்கள் வழக்கப்படி புதியவருக்குத் தண்ணீர்த் தொட்டி.

அம்மா மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போனார். மேடை முறையையும் மூட்டைகள் மாறிப்போனதையும் தெரிந்தவரை சொன்னார். அந்தப் பெண் கவனமாகக் கேட்டார். "அப்பன்னா எறக்கிக்கறோமுங்க" என்று எழுந்தார். எழுந்தவர் நகரவில்லை. "வூட்டுக்குப் போன் பண்ணிட்டேனுங்க. மேடையில கட்டியிருக்காங்கன்னு. எல்லாரும் மத்தியான பஸ்ஸுக்கு வர்றாங்க."

இந்த இடத்தில் என் அம்மாவைப் பெருந்தன்மையின் வடிவமாக வரைந்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அப்படி நடந்துகொள்ளவில்லை. கடைத்தெருவில் பேரம் பேசும் குரலில்தான் பேசினார்.

"சரி. ஒங்க ஆளுங்க வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும். ஆனா பாத்து முடிச்சதும் எறக்கிடணும். இது என் முறை. இத்தனை வருஷம் நின்னு வந்த முறை."

"எறக்கிடறோங்க்கா."

"ஓசூர்க்காரம்மா அந்தக் கறுப்பைப் பத்திக் கேக்கறாங்க. போயி நீயே சொல்லு."

மலைக்காரப் பெண் மேடைக்குப் போனார். அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். நான் போட்டுவிட்டு வந்த நாற்காலிகளில் ஒன்றில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து, தன் போர்வைக்குத் தானே காவலிருந்தார். நெய்த்தடத்தைக் காட்டினேன். பார்த்தார். "தொவச்சா போயிடும்" என்றார். ஆனால் அடுத்துக் கை கழுவ வந்த ஒவ்வொருவரிடமும், "கைய ஒதறிட்டுப் போங்க, ஒதறிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வழியே போனவர்களில் சிலர் நின்று பார்த்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியர், "இது எங்க ஸ்கூல் துணி" என்று ஒரு கட்டத்தைக் காட்டினார். கோடுகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தொட்டிக்கு மேலே ஒற்றைக் குழல்விளக்கு. அந்த வெளிச்சத்தில் கோடுகள் தெரியவும் இல்லை.

மத்தியானப் பேருந்து மத்தியானம் வரவில்லை. பந்தி முடிந்தது. ஓசூர்க் கார்கள் கிளம்பின. கல்லூரிப் பெண்கள் போனார்கள். அம்மா வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்தார். "உன் முறை லைட்டை அணைக்கறப்ப வரும் பாரு" என்றார் கன்னடக்கார அக்கா. "வரட்டும். நீ உன் பையில வெத்தல இருக்கான்னு பாரு" என்றார் அம்மா.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் அவர்கள் வந்தார்கள். ஒரு குடும்பம் அல்ல. ஏறக்குறைய ஒரு தெரு. பெண்கள், ஆண்கள், இடுப்பில் குழந்தைகள். பேருந்து வழியில் நின்றுவிட்டதாம். பாதித் தூரம் நடந்திருக்கிறார்கள். மேடைக்கு நேரே தரையில் வரிசையாக உட்கார்ந்து போர்வையைப் பார்த்தார்கள். "அந்த மஞ்சள் என் ரவிக்கை" என்றார் ஒரு பெண். "நீலம் என்னுது. மிச்சத் துணி இல்லன்னு சொன்னியே, இங்கயா கொண்டாந்த?" என்றார் இன்னொருவர். அதன்பிறகு ஒரே சிரிப்பு. ஒவ்வொருவரும் தன் துணியைத் தேடத் தொடங்கினார்கள். அம்மாவும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. ஆனால் போகவும் இல்லை.

பார்த்து முடித்ததும் மலைக்காரப் பெண்ணே எழுந்தார். "எறக்குங்க. அக்கா முறை" என்றார்.

ஏணிக்காரர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஏணியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். தலைவி கையைப் பிசைந்தார். மலைக்காரப் பெண்ணின் கணவரும் அவர் தம்பியும் மேடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்கள். புளியமரம் ஏறுகிறவர்களுக்கு மணமேடைத் தூண் என்ன பெரிது? ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் ஏறினார்கள். சிவப்பும் மஞ்சளும் கீழே இறங்கின. எங்கள் கட்டங்கள் மேலே போயின. போர்வையின் அடியை நானும் ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தேன். அது என்னைவிட்டு உயர்ந்து போனதை என் விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

தலைவி ஓடிப்போய்க் கல்யாணத்துக்குப் போடும் விளக்குகள் அத்தனையையும் போட்டார்.

அந்த வெளிச்சத்தில்தான் முதன்முறையாக முழுப் போர்வையையும் தூரத்திலிருந்து பார்த்தேன். வீட்டில் அதை விரிக்கும் அளவுக்கு இடம் இருந்ததில்லை. நீலத்தில் கிளம்பிய கோடு பழுப்பில் நுழைந்து, பச்சையைக் கடந்து, மீண்டும் நீலமாகி, எங்கும் திக்காமல் அந்த ஓரத்தில் இறங்கியது. ஒன்றல்ல, எல்லாக் கோடுகளும். ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பள்ளிகள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றது போலிருந்தது. கூடத்தில் கூட்டமில்லை, கால்வாசி நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். உறுப்பினர்களும் மலைக்காரர்களும் மட்டுமே இருந்தார்கள். அவர்கள் பார்த்தார்கள்.

கன்னடக்கார அக்கா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "கோடு எங்கயாவது ஒடஞ்சிருக்கும்னு பாக்கறேன்" என்றார் கடைசியில். "ஒடையல. என்ன பொம்பள இவ."

தூணிலிருந்து இறங்கிய கணவர் கையைத் தட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "நம்ம மலை ரோட்டை இந்தம்மா போட்டிருந்தா பஸ்ஸு நின்னுருக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அம்மா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

மலைக்காரப் பெண் மட்டும் மேடை ஏறினார். போர்வையின் ஓரத்தைப் பற்றி, அனுமதிக்காக அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்ததும் புரட்டி, பின்பக்கத்தைப் பார்த்தார். அவருடையதிலும் அம்மாவுடையதிலும் அதே கத்தரிப்பூ. ஒரே பொங்கலின் சேலை. வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். தைப்பவர்கள் முதுகைப் பார்ப்பார்கள். அவர் நெடுநேரம் பார்த்தார். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு கீழே நின்றார். எதிரில் இருப்பவர் தேர்வுத்தாளைத் திருத்தும்போது நான் நிற்பதைப் போல.

"பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சிருக்கீங்க" என்றார் அந்தப் பெண். "ஊசி போன தடமெல்லாம் இருக்குதே."

"ஆமா" என்றார் அம்மா. "பின்னால தெரியும்."

"நானா இருந்தா விட்டுருப்பேங்க."

"நீ கறுப்பு வெச்ச எடத்துல நான் பயந்துருப்பேன்" என்றார் அம்மா.

அடுத்த கூட்டத்தில், புதியவருக்குத் தண்ணீர்த் தொட்டிச் சுவர் என்ற வழக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று முதலில் சொன்னவர் அம்மாதான் என்று தலைவி பிறகு என்னிடம் சொன்னார். மேடை முறையில் மாற்றமில்லை. அதை மாற்ற அம்மா ஒப்புக்கொள்ளவும் இல்லை.

கிளம்பும் நேரத்தில் அம்மா தானே மேடை ஏறினார். காலையில் படத்துக்கு நிற்காமல் ஓரடி ஓரடியாக விலகியவர், இப்போது போர்வையின் முன்னால் நடுவில் போய் நின்று, முந்தானையைச் சரிசெய்து, என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப எடு."

நெய்த்தடம் இருந்த மூலையை மறைத்து நிற்கச் சொன்னேன். "அது இருக்கட்டும். கோட்டை மறைக்காம எடு" என்றார். எடுத்தேன். இறங்கிவந்து என் கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். தன் முகத்தை அவர் பார்க்கவில்லை. தன் தோளுக்குப் பின்னால் நீலம் பழுப்பில் நுழையும் இடத்தைப் பெரிதாக்கி, அந்தக் கோட்டின் வழியே விரலை நகர்த்திக்கொண்டே போனார். திரையின் ஓரம் வரை போய், படம் நகர நகர, அந்த ஓரத்தில் கோடு இறங்கும் இடம் வரை போனார்.

"சரியா வந்திருக்குது" என்றார், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபடி.